தப்பால்காரர் சொன்ன சொல்

கேற்றடியில் நின்றவரின் தலையில் ஒரு சாக்கு இருந்தது. அதன் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் செருகித் தொப்பி மாதிரிப் போட்டிருந்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை சேறு. அட்டை கடித்த இடங்களிலிருந்து இரத்தம் மெல்லிய கோடுகளாக இறங்கியிருந்தது. இடது காலில் நான்கு கோடுகள், வலது காலில் ஆறு. அந்த நேரத்திலும் எண்ணினேன். என் புத்தி அப்படி.

நான் முற்றத்தில் ஓடு பொறுக்கிக்கொண்டு நின்றேன். கண்டியில், அம்பிட்டியப் பக்கம் நாங்கள் அப்போது வாடகைக்கு இருந்த வீட்டின் கூரையிலிருந்து முப்பத்தொரு ஓடுகளை இரவு அடித்த சூறாவளி கழற்றி எறிந்திருந்தது. உடையாமல் கிடந்தவை ஒன்பது. அவற்றைச் சுவரோடு அடுக்கினேன். காற்று ஓய்ந்துவிட்டது. ஆனால் தெருவில் ஒரு காகம்கூட இல்லை. பச்சை இலைகள் நசுங்கிய வாசனை மட்டும் ஊரெல்லாம் நிறைந்திருந்தது. புல் வெட்டிய இடத்தில் வருகிற வாசனைதான்.

வந்தவரை எனக்குத் தெரியும். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தப்பால்காரர், முத்தையா. தோட்டத்துக் கடிதங்களைத் தோல்பையில் போட்டு எடுத்துப்போய் எடுத்துவருகிறவரைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். என் ஒரே மகள் கலா அந்தத் தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. மருமகன் சிவாவும் அங்கேதான் மாஸ்டர். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். முத்தையா டவுனுக்கு வரும்போதெல்லாம் கலா ஏதாவது கொடுத்தனுப்புவாள். என் மனைவி பூமணி பதிலுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவாள்.

அன்று அவர் கையில் ஒன்றும் இல்லை.

"ஐயா," என்றார். "மாஸ்டரு, டீச்சரம்மா எல்லாரும் ரொம்ப மோசம் போயிட்டாங்கய்யா. ஒண்ணும் மிஞ்சல."

என் கையிலிருந்த ஓடு விழுந்தது. உடையாதவை எட்டு.

எங்கள் ஊரில் அந்தச் சொல்

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்துவிட்டால் 'செத்துப்போனார்' என்று சொல்ல எங்களுக்கு நா எழும்பாது. அது ஆட்டுக்கும் மாட்டுக்கும் உரிய சொல். மனிதர் 'மோசம் போனார்' என்போம். பேச்சில் 'மோசம் போட்டார்'. யாராவது அப்படிச் சொன்னால் அதற்கு மேல் விசாரிப்பதில்லை. கிரியை எப்போது என்று மட்டும் கேட்போம்.

எனக்கு அந்தச் சொல் புதிதாக வலிக்கத் தொடங்கி அப்போது ஒரு வருஷம்தான். தமிழரைத் தேடி அடித்த முந்திய வருஷத்துக் கலவரத்தில் நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பாடசாலை மண்டபத்தில் போய்க் கிடந்தோம். மண்டபத்துக்குப் பதினாறு ஜன்னல். நான்கில் கண்ணாடி இல்லை. பூமணி என்னைக் 'கணக்குப்பிள்ளை' என்று கேலி செய்யத் தொடங்கியது அங்கேதான். "சனம் சோத்துக்கு நிக்குது, நீங்கள் ஜன்னலை எண்ணிக்கொண்டு நில்லுங்கோ" என்பாள். எண்ணாவிட்டால் வேறு ஏதாவது யோசிக்க வேண்டியிருக்கும் என்பது அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்குத் திரும்பி நான் மறுபடி அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு வேலைக்குப் போன முதல் கிழமையில் ஒரு தொலைபேசி வந்தது. தெற்கே ஓர் ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்த என் அண்ணரைப் பற்றியது. லைன் இரைந்துகொண்டிருந்தது. மறுபக்கத்தில் பேசியவர் எங்கள் ஊர்க்காரர். மூன்றே சொல் சொன்னார்: "அண்ணர் மோசம் போட்டார்." லைன் அறுந்துவிட்டது. நான் றிசீவரை வைத்துவிட்டு, மேசையில் இருந்த பேனாக்களை எண்ணினேன்.

அதனால் முத்தையா அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இரண்டு அழுகை

பூமணி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். ஒரு சத்தம் வந்தது. அது அவளுடைய குரல் என்று எனக்குப் பிடிபடவே சிறிது நேரமாயிற்று. வாசற்படியில் அப்படியே இருந்து, தலையில் அடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளை, என்ரை பிள்ளை" என்றாள்.

அவள் அழுததைக் கண்டு முத்தையாவும் அழத் தொடங்கினார்.

"அழுவாதீங்கம்மா. நம்ம கையில என்ன இருக்கு? ஆண்டவன் குடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான்."

நான் ஏதாவது கேட்டிருப்பேனோ தெரியாது. தெருவில் லொறி ஒன்று ஹோன் அடித்துக்கொண்டே இருந்தது. தோட்டத்துத் தொலைபேசிக் கம்பியெல்லாம் அறுந்துபோனதால் தோட்டத்தை நடத்துகிற தொரை கொடுத்த கடிதத்தோடு முத்தையா டவுனுக்கு வந்திருந்தார். கடிதத்தைக் கொடுத்து, கூரைக்குப் போடும் படங்குகள் வாங்கிக்கொண்டு அவர் அதே லொறியில் திரும்ப வேண்டும். சாக்கை இழுத்துவிட்டு ஓடினார். ஓடும்போதும் திரும்பித் திரும்பிப் பூமணியைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு ஜமால்தீன் நானா சத்தம் கேட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அலவத்துகொடக்காரர். திகனயில் ஹார்ட்வேர் கடை, ஒரு பழைய வேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் நானா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார்.

"என்ன தம்பி? என்னத்த சென்னான் அவன்?"

"மகளும் மருமகனும் மோசம் போட்டினமாம், நானா."

"மோசம்ண்டா?"

நான் வானத்தைக் காட்டினேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"மௌத்தா?" என்று மரணத்துக்கு அவர்களுடைய சொல்லால் கேட்டார். தொப்பியைச் சரிசெய்தபடி வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு, "உடுத்திட்டு வாங்க. வேன எடுக்கிறன்" என்றார்.

உள்ளே போனபோது பூமணி அலுமாரியைத் திறந்துகொண்டு நின்றாள். அழுகை நின்றிருந்தது. கீழ்த்தட்டிலிருந்து கலாவின் கூறைச்சேலையை எடுத்தாள். கடும் சிவப்பில் அகலச் சரிகை. தோட்டத்து ஈரத்தில் சரிகை கறுத்துவிடும் என்று கலியாணத்தின் பின் கலா அதை எங்களிடமே விட்டுவைத்திருந்தாள். பூமணி அதைப் பழைய வேட்டி ஒன்றில் சுற்றி ஒரு பையில் வைத்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தாலியோடு போகிறவளுக்குக் கூறையைத்தான் உடுத்துவார்கள்.

"இஞ்சருங்கோ," என்றாள். "அவளுக்கு வெள்ளிமெட்டி வேணுமோ?"

"வேண்டாம்" என்றேன்.

எண்ண முடியாத மரங்கள்

கண்டியிலிருந்து ஹேவாஹெட்டக்கு அம்பிட்டிய, தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாகத்தான் போக வேண்டும். எத்தனையோ தடவை போன பாதை. அன்று அது வேறு நாட்டுப் பாதை போலிருந்தது.

மரங்கள் வேரோடு படுத்திருந்தன. வேர் பிடுங்கிய குழிகளில் செந்தண்ணீர். பலாமரம் ஒன்று ஒரு கடையின் மேல் விழுந்து, கடை அப்படியே தாழ்ந்துபோய், பெயர்ப்பலகை மட்டும் நிமிர்ந்து நின்றது. வாழைத்தோட்டம் ஒன்றில் ஒரு மரம் விடாமல் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்திருந்தன, யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி. தகரங்கள் மரக்கிளைகளில் தொங்கின. வயலுக்குள் ஒரு கட்டில், அதன்மேல் ஒரு நாய்.

தலாத்துஓயா தாண்டும்வரை விழுந்த மரங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அறுபத்தெட்டு. அதற்குப் பிறகு எந்த மரம் எதன் மேல் விழுந்திருக்கிறது என்று பிரித்தறிய முடியவில்லை. விட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் ஓர் எண்ணிக்கையைப் பாதியில் விட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வழியில் சில இடங்களில் சிங்களப் பொடியன்கள் மரம் அறுத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் வேனை மறித்து உள்ளே பார்த்தான். முந்திய வருஷம் இப்படி மறித்துப் பார்த்தவர்களின் ஞாபகம் வர, பூமணி என் முழங்கையைப் பிடித்தாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "மரணயக்த?" என்று நானாவிடம் கேட்டான். சாவு வீடா என்று. நானா தலையாட்டினார். அவன் திரும்பிக் கூப்பிட, ஏழு பேர் வந்து ஒரு முழுக் கிளையைத் தூக்கி வழி விட்டார்கள்.

மாரஸ்ஸனக்கு மேலே றோட்டு இல்லை. பாதித் தார் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது, மீதி கீழே பள்ளத்தில். வேனை விட்டுவிட்டு நடந்தோம். நானா எங்கள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பையில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது.

தோட்டத்து எல்லை வந்ததும் அந்தச் சத்தம் கேட்டது.

தப்பு அடிக்கிறார்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் அடிக்கும் தப்பு. ஈரத்தில் தோல் தொய்ந்து, அடி மந்தமாக வந்தது. பூமணி நின்றாள். பிறகு நடந்தாள். வழியெல்லாம் என் பின்னால் வந்தவள், அந்த இடத்திலிருந்து எனக்கு முன்னால் நடந்தாள்.

தேயிலைக்குள்ளிருந்து ஒரு கிழவர் வந்தார். நான் "மாஸ்டர் வீடு..." என்று தொடங்கினேன்.

"வீடு எங்கங்க இருக்கு?" என்றார். "சுவரு ஒண்ணுதான் நிக்குது. எல்லாரையும் ஸ்டோர்லதான் வச்சிருக்கு."

அங்கே தேயிலைத் தொழிற்சாலைக்குப் பெயர் ஸ்டோர். எல்லாரையும் அங்கே வைத்திருக்கிறார்கள். நான் பாய்களை நினைத்தேன். வரிசையாகப் பாய்கள்.

ஸ்டோரில்

உள்ளே இருட்டு. பழைய தேயிலைத் தூளின் வாசனையும் ஈர உடுப்பின் வாசனையும். கண் பழகியபோது சீமெந்துத் தரை முழுக்க மனிதர்கள். படுத்திருக்கவில்லை, இருந்தார்கள். குழந்தைகள் ரொட்டி தின்றார்கள். ஒரு மூலையில் பெரிய தாச்சியில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒருத்தி, இடுப்பில் கொழுந்தெடுக்கிற பெண்கள் கட்டுகிற படங்கைக் கட்டி, தலைமயிரை அவிழ்த்துவிட்டபடி, தகரக் குவளைகளில் தேநீர் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போய்விட்டேன்.

"அப்பா?" என்றாள்.

நான் திரும்பினேன்.

"அப்பா, நீங்கள் எப்பிடி வந்தனீங்கள்? றோட்டு இல்லையெல்லோ?"

பூமணி அவளை நோக்கிப் போனாள். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன். பளாரென்று கன்னத்தில் ஒன்று வைத்தாள். பிறகு தரையில் இருந்து, அவளுடைய இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டாள். கலா குவளையோடு அப்படியே நின்றாள்.

"என்னம்மா? என்ன நடந்தது? அப்பாவுக்கு ஏதுமோ?"

மருமகன் ஒரு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார். "வாங்க மாமா. ஏன் அத்தை அழுவுறாங்க?"

"முத்தையா வந்தவர்" என்றேன். என் குரல் யாருடையதோ போல் வந்தது. "நீங்கள் ரண்டு பேரும் மோசம் எண்டு சொன்னவர்."

"ஆமா மாமா. கூரை போச்சு, சுவரு போச்சு, அலுமாரி, புத்தகம், ஒரு கதிரை மிஞ்சல. ரொம்ப மோசம் போயிட்டோம்."

கலாதான் முதலில் புரிந்துகொண்டாள். இரண்டு தமிழோடும் குடித்தனம் நடத்துகிறவள் அவள். வாயில் கையை வைத்தாள். "ஐயோ அப்பா. இவையின்ரை மோசம் வேறை."

மருமகனுக்கு அவள் விளக்கினாள். அவர் என்னையும் பூமணியையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்க பக்கம் மோசம் போறதுன்னா நொடிஞ்சு போறதுங்க மாமா. வீடு வாசல், சொத்து பத்து..." என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வர, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

நானா ஒரு தேயிலைப் பெட்டியில் போய் இருந்தார். "எனக்கு மௌத்துண்டு காட்டித் தந்த ஆளு நீங்க தம்பி," என்றார். "வழிநெடுக நான் ஓதினதெல்லாம் இப்ப யாருக்குப் போற?"

நாங்கள் சிரித்தோம். உண்மையில் சிரித்தோம். 'ரொம்ப' என்று முத்தையா சொன்னாரே, அதையாவது நான் கவனித்திருக்கலாம். சாவில் ரொம்ப, கொஞ்சம் என்று உண்டா?

அப்போது வெளியே மறுபடி தப்பு தொடங்கியது. சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்ப இது ஆருக்கு?" என்று பூமணி கேட்டாள்.

கலா குவளையைக் கீழே வைத்தாள்.

"மாரியாயிக்கு. தப்பால்காரற்றை பெண்சாதி."

முத்தையா விடியும்போதே டவுனுக்குப் புறப்பட்டுவிட்டார். அவர் போன பிறகுதான் மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்தது. எல்லாரும் ஸ்டோரில்தான் இருந்தார்கள். மாரியாயி கட்டிவைத்திருந்த ஆட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று போனாளாம். ஆடு வந்தது.

"அவருக்குத் தெரியுமோ?" என்றேன்.

"ஆர் போய்ச் சொல்லுறது? இன்னும் வரேல்லை."

காலையில் எங்கள் வாசலில் நின்று, பூமணி அழுததைப் பார்த்து அழுத அந்த முகம் ஞாபகம் வந்தது. காலில் பத்துக் கோடு இரத்தம். ஆண்டவன் குடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான்.

பிறந்த வீட்டுத் துணி

கலா உலர்ந்த உடுப்பு ஏதாவது கொண்டுவந்தோமா என்று பையைத் திறந்தாள். வேட்டியைப் பிரித்தாள். அந்த இருட்டிலும் சரிகை மினுங்கியது.

"என்னம்மா, கூறையையோ கொண்டுவந்தனீங்கள்? இதை உடுத்துக்கொண்டு நான்..."

நிறுத்திவிட்டாள். பூமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலா மெதுவாக இருந்து, சேலையை மடியில் வைத்துக்கொண்டாள். அதைத் தடவினாள்.

ஸ்டோரின் மறுபக்கத்தில் பெண்கள் தாழ்ந்த குரலில் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாரியாயியைக் கழுவிக் கிடத்தியாகிவிட்டது. மழை மறுபடி வருமுன் அடக்கம் செய்ய வேண்டும். ஆனால் கோடித்துணி இல்லை. புருஷன் இருக்கச் சாகிறவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்தாக வேண்டும். அவள் பிறந்த வீடு தெல்தோட்டைப் பக்கம். அந்த வழியும் உடைந்துபோயிருந்தது.

"பொறந்த வீட்டுக் கோடி இல்லாம அனுப்புனா அவ அனாதையாப் போன மாதிரி ஆயிரும்" என்றாள் ஒரு கிழவி.

"அதுக்கு? ரெக்க கட்டிக்கிட்டா வருவாங்க?" என்றாள் இன்னொருத்தி. "இருக்கிற நல்ல சீலைய போட்டு அனுப்புவோம்."

"எங்க இருக்கு நல்ல சீல? நீ கட்டியிருக்கிறியே, அதுவா?"

கலா தாயைப் பார்த்தாள். மடியில் இருந்த சேலையைப் பார்த்தாள். மறுபடி தாயைப் பார்த்தாள்.

நான் கொஞ்சம் பதறிப்போனேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கூறைச்சேலை. மகளுடைய கூறை. சகுனம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? "வேறை சேலை டவுனிலை..." என்று வாயெடுத்தேன்.

பூமணி எழும்பினாள்.

"இது பிறந்த வீட்டிலை இருந்து வந்த துணிதான்," என்றாள். "தாய் கொண்டுவந்தது. நான்தான் கொண்டுவந்தனான், நானே போடுறன்."

அவள் சேலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போக, பெண்கள் விலகி வழி விட்டார்கள். வாக்குவாதப்பட்ட கிழவி தலைமாட்டில் பூமணிக்கு இடம் கொடுத்து, "வாங்கம்மா, அவளுக்கு அம்மா மொறையா நில்லுங்க" என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

படங்குச் சுருள்

கீழே தேயிலைக்கு நடுவில் ஒற்றையடிப் பாதையில் ஒரு சுருள் ஏறி வந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு மனிதர். தலையில் படங்குகளைச் சுமந்துகொண்டு முத்தையா வந்துகொண்டிருந்தார்.

மருமகன் ஆண்களோடு குழி வெட்டப் போயிருந்தார். தப்பு அடித்தவர்கள் தோலை நெருப்பில் காய்ச்ச உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முத்தையாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானா என் முதுகில் கை வைத்தார்.

"நீங்களே விசயத்தச் செல்லுங்க தம்பி. உங்கட வீட்டுக்கு அவன் வந்தான்."

பாதையில் இறங்கிப் போனேன். என்னைக் கண்டதும் முத்தையாவின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களாய்யா? டீச்சரம்மாவ பாத்தீங்களா?"

"பாத்தனான். நல்லாயிருக்கிறா."

"அம்மா அழுதத பாத்து எனக்கு மனசே கேக்கல. வீடுதானம்மா, கட்டிக்கலாம்னு சொல்ல வந்தேன். லாரிக்காரன் விடல." சுருளைத் தலையில் சரிசெய்துகொண்டார். "எட்டுப் படங்கு குடுத்தாங்க. மாஸ்டர் வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்யா."

நான் அவர் கையைப் பிடித்தேன்.

"முத்தையா," என்றேன். "உம்மடை பெண்சாதி... மோசம் போட்டா."

அவர் சிரித்தார். என்னைத் தேற்றுகிற சிரிப்பு.

"எல்லாருந்தாங்கய்யா மோசம் போயிட்டோம். லயமே போச்சுன்னு ரோட்டுல சொன்னாங்க. அவ ஒப்பாரி வச்சுக்கிட்டுதான் இருப்பா. ஒரு சட்டி போனா ஒரு வாரம் அழுவா." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு மேலே நடந்தார்.

அவர் நாலைந்து தேயிலைச் செடிகளைத் தாண்டியிருப்பார். மேலே, நெருப்பில் காய்ந்த தோலில் முதல் அடி விழுந்தது. இப்போது சத்தம் கணீரென்று வந்தது.

முத்தையா நின்றார். சுமையோடு திரும்ப முடியாமல் உடம்பையே திருப்பி என்னைப் பார்த்தார்.

"யாருக்குங்கய்யா?"

நான் சொல்லியாகிவிட்டது. என் தமிழில் சொல்லியாகிவிட்டது. அவருடைய தமிழுக்கும் என்னுடைய தமிழுக்கும் பொதுவாக அந்த மலையில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் என்று நாங்கள் ஒதுக்கிவைத்திருந்த சொல்.

அதைச் சொன்னேன்.